வேட்டைக்காரர் புகழும் கமக்காரர் துயரும்

(படுவான்கரைக் கமக்காரரும் கல்விமான்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் வெள்ளைக்கார வேட்டைக்காரரின் வரலாறு. கதிர் முற்றும் காலத்தில் வட்டைக்குள் யானை வந்து நிற்கிறது. பரண்மேல் கண்விழித்துக் கிடந்தவர் பொழுது விடியும் முன் வீடு திரும்புவாரா என்று மனைவி மக்கள் ஏங்கிக் கிடக்கின்றனர். இந்த வேளையில் பழைய வேட்டைக் கதை எதற்கு என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் நோய் எப்போது தொடங்கிற்று என்று கேட்டறியாமல் மருந்து கொடுக்கும் வைத்தியர் உண்டா? இன்று நமது வயலோரத்தில் மனிதனுக்கும் யானைக்கும் நடக்கும் இந்தப் போரின் வேர், ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்னே ஊன்றப்பட்டது. அதை ஊன்றியவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர்கள் துவக்கேந்திய அந்தத் துரைமார்களே. ஆதலால் அவர்களுடைய கதையை நாம் அறிந்தே ஆகவேண்டும்.

ஆபிரிக்காவும் நமது காடும்

வேட்டை என்றவுடன் உலகத்தார் நினைப்பது ஆபிரிக்காவை. 'சபாரி' என்ற சொல் இன்று எல்லோர் வாயிலும் வழங்குகிறது. அது கிழக்கு ஆபிரிக்க மக்களின் சுவாகிலி மொழியில் பயணத்தைக் குறிக்கும் சொல். அரபு மொழியின் 'சபர்' என்ற சொல்லிலிருந்து அங்கே சென்றது. நமது முஸ்லிம் சகோதரர்கள் பயணத்தைச் 'சபர்' என்று சொல்வதை நாம் நாள்தோறும் கேட்கிறோம். ஊர்விட்டு ஊர் போகும் எளிய மனிதரின் பயணத்தைக் குறித்த சொல், வெள்ளைக்காரர் கையில் விலங்குகளைச் சுட்டு வீழ்த்தும் பவனிக்குப் பெயராயிற்று.

1909இல், ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதிப் பதவியை விட்டிறங்கிய தியோடர் ரூஸ்வெல்ட், தம் மகனுடன் நைரோபிக்குச் சென்றார். ஆர். ஜே. கன்னிங்காம், லெஸ்லி டார்ல்டன் என்ற கூலி வேட்டைக்காரர்கள் அவருக்கு வழிகாட்டினர். இருநூறுக்கு மேற்பட்ட ஆபிரிக்கர் தலையில் சுமை தாங்கி வரிசையாக நடந்தனர். தந்தையும் மகனுமாகச் சுட்டு வீழ்த்திய விலங்குகள் 512. அதன்பின் செல்வந்தரைக் காட்டுக்கு அழைத்துச் சென்று சிங்கத்தையும் யானையையும் காட்டிக் கூலி பெறுவது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 1934இல் அத்தொழிலாளர் நைரோபியில் ஒரு சங்கமும் அமைத்தனர். தந்தத்துக்காகவே யானை சுட்ட டபிள்யூ. டி. எம். பெல் என்பவர் தம் வாழ்நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். 1977இல் கென்ய அரசாங்கம் வேட்டையைத் தடைசெய்தபோது அந்தச் சங்கமும் கலைந்தது.

இவையெல்லாம் ஆபிரிக்கக் கதைகள் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. அந்தப் பள்ளிக்கூடத்தின் அரிச்சுவடி இலங்கைக் காடுகளிலும் எழுதப்பட்டது. நைல் நதியின் பிறப்பிடத்தைத் தேடிச் சென்று 1864இல் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு பெரும்புகழ் பெற்ற சாமுவேல் பேக்கர், அதற்குமுன் எங்கே இருந்தார்? நுவரெலியாவில் இருந்தார். 1840களின் நடுவில் இந்த நாட்டுக்கு வந்து, 1848இல் அங்கே ஒரு குடியிருப்பை அமைத்து, 1855இல் நாடு திரும்பும்வரை, வேட்டையே தம் வாழ்வாகக் கொண்டிருந்தார். பதுளை மலையடிவாரத்திலிருந்து மட்டக்களப்பை நோக்கி விரியும் புல்வெளிக் காட்டுக்கு வெள்ளைக்காரர் 'பார்க்' என்று பெயரிட்டிருந்தனர். பேக்கரின் விருப்பமான வேட்டைக்களங்களுள் அது ஒன்று. அவர் தூக்கிய துவக்குகளுள் ஒன்றன் நிறை 21 இறாத்தல். இங்கே கற்ற பாடத்தைப் 'இலங்கையில் துவக்கும் வேட்டைநாயும்' என்ற பொருள்படும் நூலாக எழுதி வெளியிட்டுவிட்டே அவர் ஆபிரிக்காவுக்குக் கப்பலேறினார். அந்த நூலைப் படித்த பல ஆங்கில இளைஞர் துவக்குடன் கீழைத் தேசம் நோக்கிப் புறப்பட்டனர்.

தலைக்கு இத்தனை சிலிங்

யானை எப்போதும் கொல்லப்படும் பொருளாக இருந்ததில்லை. போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் யானை உயிருடன் விற்கப்பட்ட செல்வம். வன்னிக் காடுகளில் பிடித்த யானைகளைக் கடல்நீர் கடத்தி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோன இடம் இன்றும் ஆனையிறவு என்றே வழங்குகிறது. அங்கிருந்து அவை சோழமண்டலக் கரைக்கும் வங்காளத்துக்கும் கப்பலேறின. இந்திய அரசர் அவற்றை விலை கொடுத்து வாங்கினர். உயிருள்ள யானைக்கு விலை இருந்தவரை அதைச் சுட்டுத் தள்ளும் எண்ணம் எந்த அரசாங்கத்துக்கும் தோன்றவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் நிலைமை மாறிற்று. யானை வாணிகம் தளர்ந்தது. மலைநாட்டில் காடழித்துக் கோப்பி நட்டனர். காட்டை ஊடறுத்து வீதி வெட்டினர். நேற்றுவரை செல்வமாயிருந்த யானை இன்று இடையூறாயிற்று. ஆகவே ஒவ்வொரு யானையின் தலைக்கும் சில சிலிங் வெகுமதி என்று அரசாங்கம் விலை வைத்தது.

இதன் விளைவை நமக்கு எழுதி வைத்தவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். 1845 முதல் 1850 வரை குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்தவர். நமது மட்டக்களப்பு வாவிக்கும் அவருக்கும் ஒரு தொடர்புண்டு. 1848இல் இங்கே வந்து, இரவில் தோணியிலிருந்து வாவியின் அடியிலிருந்து எழும் இன்னொலியைக் கேட்டு, அதை உலகறிய எழுதியவர் அவரே. மீன்பாடும் தேன்நாட்டின் இசைக்குச் செவிகொடுத்த அதே மனிதர், காட்டின் மரணக் கணக்கையும் எழுதினார். 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம், 3,500 யானைகளுக்கு வெகுமதி கோரப்பட்டது. 1851க்கும் 1856க்கும் இடையில், காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் நடுவேயுள்ள நிலத்தில், 2,000 யானைகளுக்கு வெகுமதி கொடுக்கப்பட்டது.

தனி மனிதர் கணக்கும் உண்டு. பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்று டெனன்ட் எழுதுகிறார். கப்டன் கால்வே என்பவர் அதில் பாதிக்கு மேல் கொன்றார். வீதி ஆணையாளரான தோமஸ் ஸ்கின்னர் ஏறத்தாழ அவ்வளவே கொன்றார். ரோஜர்ஸ் 1845ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். அவருடைய சமாதி நுவரெலியாவில் இருக்கிறது.

இவர்களுடைய பதவிகளைச் சற்று உற்று நோக்குங்கள். ஒருவர் உதவி அரசாங்க அதிபர், ஒருவர் படைத்தளபதி, ஒருவர் வீதி ஆணையாளர். அரசாங்கத்தின் சம்பளத்தை உண்டு, அரசாங்கத்தின் ஆட்களைக் கொண்டு, அரசாங்கம் வெகுமதி விதித்த விலங்கைக் கொன்றவர்கள் இவர்கள். தனியொருவனாய்க் காட்டில் நின்று யானையை எதிர்த்த வீரன் என்று நூல்கள் தீட்டும் சித்திரத்தின் பின்னால் கச்சேரியின் கைதான் இருந்தது.

தந்தத்துக்காகவாவது கொன்றார்களா? அதுவுமில்லை. ஆபிரிக்க யானையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தந்தமுண்டு. இலங்கை யானையிலோ கொம்பன் மிக அரிது; நூற்றில் ஒன்றுக்குக்கூடத் தந்தமில்லை என்பது டெனன்டின் கணக்கு. இறைச்சியை உண்பாருமில்லை; தோலைக் கொள்வாருமில்லை. சுட்ட இடத்திலேயே உடல் கிடந்து அழுகிற்று. ஆபிரிக்காவில் பேராசை கொன்றது. இங்கே பொழுதுபோக்கும் வெகுமதியும் சேர்ந்து கொன்றன.

பெயரில்லாத கைகள்

வேட்டைக்காரர் ஒருவர் காட்டுக்குள் எப்படி யானையைக் கண்டார்? புல் சாய்ந்த திசையையும், சேற்றில் பதிந்த அடியின் ஈரத்தையும், இலத்தியின் சூட்டையும் கண்டு, யானை எப்போது போயிற்று, எத்தனை போயின என்று சொன்னவர் யார்? நமது வேடரும், முஸ்லிம்களும், தமிழரும், சிங்களக் கிராமத்தவரும் அல்லரோ? துரை முன்னே செல்ல, மேலதிகத் துவக்குகளைச் சுமந்துகொண்டு அவர் பின்னே நின்றவர் யார்? அக்காலத் துவக்கு ஒரு வெடி தீர்ந்தால் மறுபடி மருந்திடித்து நிரப்ப நேரம் வேண்டும். யானை பாயும் கணத்தில் நிரப்பிய துவக்கை நீட்டும் கை தவறினால் துரையின் வீரமும் அங்கேயே முடிந்துவிடும். அந்தக் கைக்கு உரியவர்களின் பெயர்கள் துரைமாரின் நூல்களில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. ஆபிரிக்காவிலும் இதுவே நடந்தது. சுமை சுமந்தவரும் தடம் பார்த்தவரும் புகைப்படத்தின் ஓரத்தில் நிற்கின்றனர், நடுவில் துரை.

யானையை அணுகும் கலையில் நம்மவர் துரைமாருக்கு எவ்வகையிலும் குறைந்தவரல்லர். பணிக்கர் என்று பெயர்பெற்ற முஸ்லிம் யானைபிடிகாரர்களைப்பற்றி டெனன்ட் வியந்து எழுதியிருக்கிறார். துவக்கில்லை, குதிரையில்லை. தோலை முறுக்கித் திரித்த வார்க்கயிறு மாத்திரமே ஆயுதம். இருவர் ஓசையின்றிப் பின்னால் ஊர்ந்து சென்று, யானை பின்னங்காலைத் தூக்கும் தருணம் பார்த்துச் சுருக்கை மாட்டிக் கயிற்றின் மறுமுனையை அருகிலுள்ள மரத்தில் சுற்றிவிடுவர். பின்பு பட்டினியும் பொறுமையும் குரலும் கொண்டு அதைப் பழக்குவர். இக்கலையில் பெயர்பெற்ற ஊர்களுள் ஒன்று வாவிக்கரையிலுள்ள நமது ஏறாவூர்.

1925ஆம் ஆண்டளவில் ஏறாவூர்க் காட்டில் ஒரு குட்டிக் கொம்பன் உயிருடன் பிடிக்கப்பட்டது. மாம்பிட்டிய திசாவை அதை விலைக்கு வாங்கி வளர்த்து, 1937இல் கண்டித் தலதா மாளிகைக்குக் காணிக்கையாக்கினார். அதுவே பின்னர் நெடுங்காலம் பெரஹராவில் புனிதப் பேழையைச் சுமந்து சென்ற 'ராஜா' என்னும் யானை. 1986இல் அரசாங்கம் அதைத் தேசியச் செல்வமாகப் பிரகடனஞ் செய்தது. 1988இல் அது இறந்தபோது நாடே துக்கம் கொண்டாடிற்று. பிடித்துப் பழக்கும் கலையிலும் யானைக்குத் துன்பமுண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும், 1,400 யானைகளைக் கொன்றவருக்கு நுவரெலியாவில் பெயர் பொறித்த கல் நிற்கையில், மட்டக்களப்புக் காட்டின் ஒரு யானையை நாடு முழுவதும் கைகூப்பி வணங்கிற்று என்றால், இவ்விரண்டில் எது பெருமை என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

புணானையில் நடந்தது

வேட்டைக்காரர் எல்லோரும் பொழுதுபோக்குக்கே சுட்டனர் என்று சொன்னால் அது நீதியாகாது. நமது பிரதேசத்திலேயே ஓர் எடுத்துக்காட்டுண்டு. மட்டக்களப்பு இருப்புப்பாதையிலே வாழைச்சேனைக்கு மேற்கேயுள்ள புணானையில், 1920களின் முற்பகுதியில் ஒரு சிறுத்தை மனிதரைக் கொன்று தின்னத் தொடங்கிற்று. குறைந்தது 12 பேர் அதற்கு இரையாயினர். அவ்வழியே போவார் வருவாரெல்லாம் அஞ்சி நடுங்கினர். ஷெல்டன் ஏகர் என்ற தோட்டத்துரை 1924இல் அங்கே சென்று அதைச் சுட்டுக் கொன்றார். அது மக்களுக்குச் செய்த உபகாரம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் பின்னாளில் என்ன நிலைத்தது? புணானை என்றால் உலகத்தார்க்கு அந்தச் சிறுத்தையும் அதைச் சுட்ட துரையும் நினைவுக்கு வருகின்றனர். 1992இல் கிறிஸ்தோபர் ஒண்டாச்சி எழுதிய நூலுக்கும் அந்தச் சிறுத்தையே பெயர் கொடுத்தது. கூலிக்காகவும் பயணத்துக்காகவும் அந்தக் காட்டுவழியே போய் உயிரிழந்த ஏழைகளை யார் நினைக்கிறார்கள்? வேட்டை வரலாற்றின் பெருங்குறை இதுவே. கொன்றவரும் கொல்லப்பட்ட விலங்கும் அதில் உண்டு. நடுவில் வாழ்ந்த மக்கள் இல்லை.

வேட்டைக்காரர் காவலரானார்

சுடுவதற்கு விலங்கு குறையத் தொடங்கியதும் துரைமாருக்கே அச்சம் பிறந்தது. 1891இல் யானை முதலியவற்றின் வீண் அழிவைத் தடுக்கச் சட்டம் பிறந்தது. 1894இல் வேட்டைத் துரைமாரும் தோட்டத் துரைமாரும் கூடி வேட்டை விலங்குகளைப் பாதுகாக்கும் சங்கமொன்றைத் தொடங்கினர். 1937இன் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1938இல் யால, வில்பத்துத் தேசிய வனங்களும் அதன்பின் வந்தன. இவற்றால் நாடு அடைந்த நன்மை பெரிது. அதை மறுப்பார் இலர்.

யாலவின் முதற் காவலர் யார் தெரியுமா? தென்னாபிரிக்கப் போரில் ஆங்கிலேயரால் சிறைபிடிக்கப்பட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட போயர்களுள் ஒருவரான எங்கெல்பிரெக்ட். தியத்தலாவை முகாமில் ஏறத்தாழ 5,000 போயர் கைதிகள் இருந்தனர். போர் முடிந்தபின் ஆங்கில முடிக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்ய மறுத்ததால் அவர் நாடு திரும்ப முடியவில்லை. 1908இல் அவரைக் காட்டுக் காவலராக்கினர். ஆபிரிக்காவுக்கும் இலங்கைக்கும் வேட்டையால் ஏற்பட்ட உறவு எவ்வளவு விசித்திரமானது பாருங்கள்! இங்கிருந்து பேக்கர் அங்கே போனார். அங்கிருந்து எங்கெல்பிரெக்ட் இங்கே வந்தார்.

எனினும் இந்தப் பாதுகாப்பின் உள்ளே ஓர் அநீதி ஒளிந்திருந்தது. யாலவின் ஒரு பகுதி, இந்நாட்டில் குடியிருந்த வேட்டைத் துரைமாருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. அனுமதிச்சீட்டும் விலையுயர்ந்த துவக்கும் உடையவன் சுட்டால் அது விளையாட்டு. தலைமுறை தலைமுறையாய் அக்காட்டில் மான் பிடித்து உண்ட கிராமத்தவன் சுட்டால் அது கள்ள வேட்டை. கென்யாவிலும் இதே கதைதான். நெடுவில்லும் நஞ்சம்பும் கொண்டு யானை வேட்டையாடி வாழ்ந்த வாட்டா மக்கள், சாவோ தேசிய வனம் அமைந்தபின், 1950களில் கள்ள வேட்டைக்காரராகப் பிடிக்கப்பட்டுச் சிறைக்குச் சென்றனர். காட்டை முதலில் வெறுமையாக்கியவர் ஒருவர். அதற்குரிய தண்டனையைப் பெற்றவர் வேறொருவர்.

காட்டைப்பற்றிய முடிவுகளில் காட்டோரத்து மக்களைக் கேளாதிருக்கும் வழக்கம் அன்று தொடங்கியது. அது இன்றும் முற்றாக ஒழியவில்லை.

சுருங்கிய காடு

1949இல் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறிக்கும் கல்லோயாத் திட்டம் தொடங்கிற்று. யானை மேய்ந்த பெருங்காடு நீர்த்தேக்கமாகவும் வயலாகவும் மாறிற்று. எஞ்சியதில் ஒரு பகுதி 1954இல் தேசிய வனமாயிற்று. அப்போது அது மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்த நிலம். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். மேற்கிலே மகாவலித் திட்டத்தோடு சேர்ந்து 1983இல் மாதுறு ஓயாத் தேசிய வனம் பிறந்தது. அதன்பின் வந்த போர்க்காலத்தில் படுவான்கரையின் பல ஊர்கள் இடம்பெயர்ந்தன. கைவிடப்பட்ட வயலில் பற்றைக்காடு மண்டிற்று. யானைக்கு அது நல்ல மேய்ச்சலாயிற்று. 2009இல் போர் முடிந்தபின் மக்கள் தத்தம் நிலத்துக்கு மீண்டபோது, அங்கே யானை குடியிருந்தது. இருவருக்கும் அந்நிலம் வேண்டும். இருவரும் பிழை செய்யவில்லை. இதுவே இன்றைய துயரத்தின் உருவம்.

2011இல் எடுத்த கணக்கின்படி இலங்கையில் 5,879 காட்டு யானைகள் இருந்தன. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் 470க்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. 160க்கு மேற்பட்ட மனிதரும் யானையால் உயிரிழந்தனர். உலகில் வேறெந்த நாட்டிலும் ஓராண்டில் இத்தனை யானைகள் மனிதனோடு மோதி மடிந்ததில்லை என்று சொல்லும் அளவுக்கு இது வளர்ந்துவிட்டது. வெடி, கட்டுத்துவக்கு, உணவில் மறைத்த வெடிமருந்து, வீட்டு மின்சாரத்தை நேரே பாய்ச்சிய கம்பி ஆகியவற்றால் யானை சாகிறது. அதே கட்டுத்துவக்கிலும் அதே மின்கம்பியிலும் அயல்வயல்காரனும் சாகிறான் என்பதை நீங்கள் அறியாதவர்களல்லர்.

டெனன்ட் கண்ட வேலி

இப்போது எமது பேச்சின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். துவக்கால் இந்தப் பிரச்சினை தீருமா? தீருமென்றால் ரோஜர்ஸ் காலத்திலேயே தீர்ந்திருக்க வேண்டும். ஆயிரமாயிரமாகச் சுட்டார்கள். அரசாங்கமே கூலி கொடுத்துச் சுடுவித்தது. இன்றைய கமக்காரனுக்கு அதனால் ஒருபிடி நெல்லாவது மிஞ்சிற்றா?

யானைகளைக் காட்டுக்குள் துரத்தி மின்வேலியிட்டு அடைத்தால் தீருமா? அதையும் நாடு பல்லாண்டு செய்து பார்த்துவிட்டது. இலங்கை நிலப்பரப்பில் சுமார் 60 வீதத்தில் யானை நடமாடுகிறது. அந்நிலத்தின் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதரும் வாழ்கின்றனர் என்று ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். வேலியின் இருபுறமும் யானை நிற்குமானால் அந்த வேலி யாரைத் தடுக்கும்?

இங்கேதான் டெனன்ட் எழுதிய ஒரு சிறு செய்தி நமக்குக் கைகொடுக்கிறது. விளைநிலத்தைச் சுற்றிக் கட்டிய மெல்லிய கம்பு வேலிகளைக்கூட யானை முறித்துப் புகத் தயங்குவதையும், அறுவடை முடிந்து வேலி திறந்தபின் உள்ளே வந்து தாளையும் சிந்திய கதிரையும் மேய்ந்துவிட்டு அடுத்த வயலை நோக்கிப் போவதையும் அவர் குறித்திருக்கிறார். இது துரைமார் கண்டுபிடித்த உண்மையன்று. அந்தக் கிராமத்து உழவர் முன்னமே அறிந்து ஒழுகிய முறை. பயிர் நிற்கும் வரை நிலம் மனிதனுக்கு. அறுத்தபின் தாள் யானைக்கு. ஒரே நிலத்தை இருவரும் முறைவைத்து ஆண்டனர்.

அந்தப் பழைய அறிவே இன்று புதிய வடிவில் திரும்பி வந்திருக்கிறது. கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ முதலிய ஆய்வாளர், வடமேல் மாகாணத்துச் சில கிராமங்களில் பருவகால வயல்வேலியைச் செய்து காட்டியிருக்கின்றனர். விதைப்போடு வட்டை முழுவதையும் சுற்றி மின்வேலி எழும். அறுவடையோடு கம்பியும் கம்பமும் கழற்றப்பட்டுச் சங்கத்தின் களஞ்சியத்துக்குப் போகும். யானை வந்து தாளை மேயும். அதன் வயிறும் நிரம்பும். இந்த வேலியில் ஓடுவது உயிரைக் கொல்லும் வீட்டு மின்சாரமன்று. மின்கலத்திலிருந்து விட்டுவிட்டுத் துடிக்கும் மின்னோட்டம். சுரீரென்று தாக்கி விலக்கும், கொல்லாது. வேலியைக் காப்பவர் கமக்காரரே ஆதலால் அறுந்த கம்பி அன்றன்றே முடியப்படும். தன் வயிற்றைக் காக்கும் வேலியை எவன் பாராமல் விடுவான்? 2020இல் தயாரிக்கப்பட்ட தேசியச் செயற்றிட்டமும் இந்த வழியை ஏற்றுப் பரிந்துரைத்தது. ஏட்டில் எழுதிய பரிந்துரை வயலில் முளைப்பதற்கு நமது முயற்சி வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவன

கமக்காரப் பெருமக்களே! ஒவ்வொரு வட்டைக்கும் உங்கள் கமக்கார அமைப்பு கூடி, பருவகால வேலியைத் தனித்தனி வளவுக்கன்றி முழு வட்டைக்கும் கேளுங்கள். பத்து ஏக்கர் போடியாரும் ஓர் ஏக்கர் ஏழையும் ஒரே வேலிக்குள் நின்றால்தான் வேலி நிற்கும். ஒருவர் வயலைத் திறந்துவிட்டு மற்றவர் வயலைக் காக்க முடியாது. கட்டுத்துவக்கையும் நேர்மின் கம்பியையும் கைவிடுங்கள். அவை நமது பிள்ளைகளைக் கொல்லும் பொறிகள்.

சட்டத்தரணிகளே! யானையால் உயிரையும் வீட்டையும் பயிரையும் இழந்தவருக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டிய நட்டஈடு, பத்திரம் நிரப்பத் தெரியாமையால் தவறிப்போகிறது. வாரத்தில் ஒரு பொழுதை அதற்கு ஒதுக்குங்கள். பொறியியலாளர்களே! மின்கலத்தையும் கம்பியையும் பழுதுபார்க்க ஊரிளைஞருக்குக் கற்றுக்கொடுங்கள். வைத்தியர்களே! யானை தாக்கியவரை வாவி கடந்து, மண்பாதை கடந்து கொண்டுவருமுன் செய்யவேண்டிய முதலுதவியைப் பரண்காவலருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஆசிரியர்களே! உங்களுக்கு ஒரு பெரும்பணி இருக்கிறது. பேக்கர் எழுதினார், டெனன்ட் எழுதினார். அதனால் அவர்கள் கண்டது வரலாறாயிற்று. ஏறாவூர்ப் பணிக்கரின் பேரப்பிள்ளைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். எந்த மாதத்தில் எந்த வழியாய் யானை வரும், தனியன் எப்படி நிற்கும், குட்டியோடு வரும் கூட்டம் எப்படி நடக்கும் என்று அறிந்த முதிய பரண்காவலர் நமது ஊர்களில் இருக்கின்றனர். அவர்கள் ஒவ்வொருவராய்க் கண்மூடும்போது ஒரு நூலகமே எரிந்துபோகிறது. மாணவர் கையில் கொப்பியைக் கொடுத்து அவர்களிடம் அனுப்புங்கள். அடுத்த தலைமுறை நமது காட்டைப்பற்றி அறிய இலண்டனில் அச்சிட்ட நூலை மாத்திரம் தேடவேண்டிய நிலை வரக்கூடாது.

அரசாங்கத்துக்கு நாம் சொல்வது ஒன்றே. துரைமார் காலத்தில் யானைக்கு விலை வைத்தபோதும் கமக்காரனைக் கேட்கவில்லை. யானைக்குக் காவல் வைத்தபோதும் கமக்காரனைக் கேட்கவில்லை. இனியாவது கேளுங்கள். எந்த நிலத்தில் வேலி எழவேண்டும், எந்த வழியை யானைக்கு விடவேண்டும் என்பதை அந்த நிலத்தில் உழுபவனோடு உட்கார்ந்து தீர்மானியுங்கள்.

பெரியோர்களே, தாய்மார்களே! வருகின்ற பெரும்போகத்துக்கு விதைப்பு இறங்குமுன், இந்தக் கூட்டத்தில் கூடியுள்ள ஒவ்வொரு வட்டையும் தன் வேலிக் கோரிக்கையைக் கையெழுத்திட்டுப் பிரதேச செயலகத்தில் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.